பின்னிருக்கையில் ஒருவரும் இல்லை

மூடியைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடி மூடி. சாத்தியவுடனே வெளிச் சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது, என் மூச்சு மட்டும் எனக்கே பெரிதாகக் கேட்கிறது, வெயில் நேரே மடியில் விழுகிறது, எனக்கு முன்னால் இந்த இருக்கையில் இருந்த எல்லாருடைய வியர்வையும் வாரில் மணக்கிறது. மற்ற நாட்களில் பின்னால் ஹென்னிங் இருப்பான். எனக்குக் கிளைடர் ஓட்டப் பழக்குகிறவன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, எந்த நேரமும் வெங்காயம் வைத்த பாண் தின்பான், பிடரிக்குப் பின்னாலிருந்து வெங்காய மணம் வரும், "யட்டு, உனக்கு என்ன மரக்காலா, மிதியை அமத்து" என்று கத்துவான். இங்கே ஒருத்தருக்கும் யதுர்ஷா என்று சொல்ல வராது, நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். இன்றைக்கு அவன் பின்னால் இல்லை. ஒருவரும் இல்லை. ஆனால் பின்னிருக்கை வாரை வெறும் இருக்கைக்குக் குறுக்கே போட்டு இழுத்துப் பூட்டியிருக்கிறான், தளர்வாகக் கிடந்தால் பின்பக்கத்து ஓட்டுகிற தடியில் சிக்கிவிடும் என்று. இல்லாத ஆளை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. திரும்பிப் பார்க்க விருப்பமில்லை, ஆனால் முதுகுக்குத் தெரிகிறது. அப்பா காலையில் கேட்டதும் அதைத்தான், அப்ப பின்னால ஆர், என்று. இந்நேரம் நான் மேலே இருக்கவேண்டும். கயிற்றைக் கொளுவியாச்சு. இந்த விமானத்துக்கு இயந்திரம் கிடையாது, புல்வெளியின் அந்தத் தொங்கல் முனையில் ஒரு பாரவண்டியில் வின்ச் இருக்கிறது, அது கயிற்றை இழுக்க இது பட்டம் போல ஏறும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் கல்யாணம். கல்யாணச் சனம் புல்வெளியைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கிறது, பொம்பிளையும் மாப்பிள்ளையும் உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை வின்ச் அசையாது, அது இந்த ஊர் வழக்கம், அதை மாற்ற எவனாலும் முடியாது. பொம்பிளையின் குதிக்கால் சப்பாத்து மண்ணில் புதைகிறது. இரண்டு எட்டு வைக்கிறாள், நிற்கிறாள், சிரிக்கிறாள், படம் எடுக்கிறார்கள். நட, தாயே. இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாரீகே என்னைப் பார்த்துக் கண்ணை மேலே உருட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் வாளிக்குள் முட்செடிகள் தெரிகின்றன, ஊதாப் பூவோடு. அது எனக்கு. முதல்முறை தனியப் பறந்து முடித்த ஆளுக்கு முட்செடிக் கொத்துக் கொடுப்பார்கள், வெறுங்கையால்தான் பிடிக்கவேண்டும், பிறகு கிளப்பில் உள்ளவர்கள் வரிசையாக வந்து பின்பக்கத்தில் ஆளுக்கொரு அடி போடுவார்கள், காற்று ஏறுவது இறங்குவது இனிமேல் உட்காருகிற இடத்தில் தெரியவேண்டுமாம் அதற்காக. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. குமர்ப்பிள்ளைக்குக் கண்டவனெல்லாம் அங்கே அடிக்கிறதோ என்று அம்மா பிடித்துக்கொள்ளுவா.

எங்கள் கிரானிஷ்டோர்ஃப் என்றால் கொக்குகளின் ஊர். பெர்லினில் இருக்கிற மாமா வீட்டில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் மாமாவின் பெடியன்கள் "அது எங்கையடி கிடக்கு, ஜெர்மனியிலயோ" என்று சிரிப்பார்கள். ஜெர்மனியில்தான். ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்புக் கொட்டில், ஒரு வான்கோழிப் பண்ணை, சனிக்கிழமை வராத ஒரு பேருந்து. இலையுதிர்காலத்தில் கொக்குகள் வந்து சோளம் வெட்டிய காணியில் நின்று கத்தும். மற்றபடி இந்த ஊருக்கு இருப்பது பறப்பு மட்டும்தான். அந்தக் காலத்தில் இங்கே ஒரு மனிதன் வண்டிச் சில்லு செய்து பிழைத்தானாம், அவன் மூங்கில் போல வளைகிற தடிகளில் துணியைக் கட்டி இறக்கை செய்துகொண்டு மேட்டிலிருந்து குதித்தானாம், காற்றில் நின்றானாம், பல தரம் நின்றானாம், ஒரு நாள் காற்று திரும்ப விழுந்து கழுத்து முறிந்து செத்தானாம். மேட்டில் அவனுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சின்னத்தில் இறக்கை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் அவனைப்பற்றி எழுதச் சொல்லுவார்கள், எல்லாரும் பறந்தார் பறந்தார் என்று எழுதினார்கள், நான் விழுந்தார் என்று எழுதினேன், ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. அது பொய்யா? ஒரு தரம் பண்ணையிலிருந்து காரில் வரும்போது அப்பா அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "தானா ஏறி விழுந்தவனுக்குக் கல் வைக்கிறாங்கள். மேல போனவன் போட்டதில கீழ செத்த சனத்துக்கு ஒரு இடத்திலயும் ஒரு கல்லும் இல்லை." சொல்லிவிட்டு வைப்பரைப் போட்டார். மழை பெய்யவில்லை. கண்ணாடியில் ரப்பர் கிரீச் கிரீச் என்று உரசியது, வீடுமட்டும் நிறுத்தவில்லை. பொம்பிளை இப்போது படிக்கட்டுக்குக் கிட்ட வந்துவிட்டாள். கல்யாணம் நடப்பது தேவாலயத்தில் இல்லை, விமானத்துக்குள். நான் பிறக்க முன்னம் ஒரு பெரிய பயணிகள் விமானத்தை இந்தப் புல்லில் கொண்டுவந்து இறக்கினார்களாம், ஊரே வந்து கைதட்டியதாம், இறங்கப் போதுமான நீளம் ஏறக் காணாது என்பது தெரிந்துதான் இறக்கினார்களாம். அது அப்படியே நிற்கிறது. இயந்திரங்களைக் கழற்றிவிட்டார்கள், இருக்கைகளில் பாதியையும் கழற்றி மேசை போட்டுக் கல்யாணம் பதிகிற இடமாக்கிவிட்டார்கள். அப்பாவும் அதுபோல இந்த ஊரில் இறங்கி ஏற முடியாமல் நிற்கிறவர் என்று யாராவது வடிவாக எழுதக்கூடும். எனக்கு அப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எரியும். அப்பா விமானமில்லை. வான்கோழிக்குத் தீனி போடுகிற மனிதன், முழங்கால் வலியோடு. அம்மாதான் அந்த விமானத்தைக் கழுவித் துடைக்கிறவா. இப்போதும் படிக்கட்டுக்குக் கீழே நீலக் கோட்டோடு தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா, இங்கிருந்து தெரிகிறது. கல்யாணம் முடிய இவர்கள் அரிசி எறிவார்கள், அதைக் கூட்டவேண்டும். "எங்கட சனம் அட்சதையைத் தலையில போடும், இதுகள் சப்பாத்தால மிதிக்குதுகள்" என்று ஒவ்வொரு தரமும் ஒரே கதை. மிதித்த அரிசியை அம்மா குப்பையில் கொட்டமாட்டா, பையில் கொண்டுவந்து தோட்டத்தில் போடுவா, குருவிகள் தின்னும்.

அப்பா வருவாரா மாட்டாரா என்று நான் யோசிக்கவில்லை. வரமாட்டார். அது முடிந்த விஷயம். நான் கேட்டது வரச் சொல்லி இல்லை. அகதி என்று வந்த அப்பாவை இந்த ஊர்ப் பழைய விடுதியில் கொண்டுவந்து போட்டார்கள், உனக்கு எந்த ஊர் ஒத்துவரும் என்று கேட்டா போடுகிறார்கள், முதல் சனிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தாராம், தலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் போனதாம், கட்டிலுக்குக் கீழே போனவர் பின்னேரம்வரை வெளியே வரவில்லையாம். இதை அம்மா பிறந்தநாள் வீடுகளில் பகிடியாகச் சொல்லுவா, எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே எழுந்து குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போவார். பிறகு பண்ணையில் வேலை கிடைத்தது, வாடகைக்கு வீடு கிடைத்தது, அந்த வீடு இந்தப் புல்வெளிக்குப் பின்னால், இறங்குகிற கிளைடர் எல்லாம் எங்கள் கூரைக்கு மேலால்தான் வரும். வேறு வீடு இந்த ஊரில் கறுத்தவர்களுக்கு ஒருத்தரும் தரவில்லை. பறப்பு நாட்களில் அப்பா நிலவறைக்குள் போய்விடுவார். அங்கே ஒரு கதிரை, ஒரு பல்ப், வெங்காயம் உரிப்பார், காதில் பாட்டு. நான் அந்தத் தோட்டத்தில்தான் வளர்ந்தேன், சின்ன வயதில் ஒரு நாள் மேலே போன ஒன்றிலிருந்து ஒரு கை ஆட்டியது, எனக்கு, கீழே நின்ற எனக்கு, நானும் ஆட்டினேன், அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், தோள் கழன்றமாதிரி நொந்தது. அந்தக் கையை நான் மறக்கவில்லை. மேலே போனது, ஒன்றும் போடவில்லை, கை காட்டியது. ஏன் பறக்கிறாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும், ஆனால் நான் சும்மா பொழுதுபோகவில்லை என்றுதான் சொல்லுவேன். இளவேனிலில் ஒரே ஒரு தரம் அப்பா வந்தார். கெஞ்சிக் கூட்டிவந்தேன். சேர்ட் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து கரையில் நின்றார், பக்கத்தில் ஃபிராவ் க்ரூகர், வின்ச் ஓட்டுகிற க்ரூகரின் மனைவி, தட்டில் பிளம்ஸ் கேக்கோடு. முதலில் எல்லாம் நல்லாத்தான் போனதாம். கயிறு இழுக்க நான் ஏறியதைப் பார்த்து "பட்டம் மாதிரி" என்று தமிழில் சொன்னாராம், அம்மா சொன்னா. சிரித்தாராம். எனக்குத் தெரியாது, நான் மேலே இருந்தேன், பின்னால் ஹென்னிங். பாதி உயரத்தில் ஹென்னிங் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றைக் கழற்றிவிட்டான். அது பயிற்சி, கயிறு அறுந்தால் என்ன செய்வாய் என்று பார்ப்பது. டக் என்று சத்தம் வரும், உடனே மூக்கைக் கீழே அமத்தவேண்டும், நேரே நிலத்தைப் பார்த்து, வேகம் வரும்வரை. நான் சரியாகச் செய்தேன். ஹென்னிங் கைதட்டினான். கீழே என்ன நடந்தது என்றால், விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்குவதைக் கண்ட அப்பா "படுங்கோ, படுங்கோ" என்று கத்திக்கொண்டு ஃபிராவ் க்ரூகரைப் பிடரியில் பிடித்து நிலத்தில் விழுத்தி, தானும் குப்புற விழுந்து, இடக்கையால் அவவுடைய முதுகை அமத்திக்கொண்டு கிடந்தார். கேக் அவவுக்குக் கீழே. எங்கே ஒருவன் அப்படிச் செய்வான். குத்திக்கொண்டு வருகிற விமானம் எதற்கு வருகிறது என்று படித்த ஆட்கள்தான் செய்வார்கள், வேறு எவருக்கும் அந்த யோசனையே வராது. நான் இறங்கி வந்தபோதும் அவர்கள் அப்படியே கிடந்தார்கள். ஃபிராவ் க்ரூகர் எழும்பவில்லை. கன்னம் புல்லில், ஒரு கண்ணால் என்னைப் பார்த்தா, அந்தக் கை தானாக எழும்பும்வரை அந்தப் பெரிய மனுசி அசையாமல் கிடந்தா. பிறகு சட்டையில் அப்பியிருந்த கேக்கை வழித்துக்கொண்டு, "தாவா, உமக்கு நல்ல பலம்" என்று மட்டும் சொன்னா, அப்பாவின் பெயரும் இங்கே ஒருத்தருக்கும் முழுதாக வராது. அப்பா ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அயர்ன் பண்ணின சேர்ட் முன்பக்கம் முழுக்கப் பச்சை.

படுங்கோ. அந்த ஒரு சொல்லைப் பெடியன்கள் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில், கன்டீனில், நான் நடந்து வர ஒருவன் "படுங்கோ" என்பான், இன்னொருவன் நிலத்தில் விழுந்து காட்டுவான். தமிழில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல். எனக்குத் தமிழில் எத்தனையோ சொல் தெரியும், ஒன்றும் உதவவில்லை, விழுந்து காட்டின லூக்காஸின் மூக்கை உடைத்தேன். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. துரத்தவில்லை, மன்னிப்புக் கேள் என்றார்கள், கேட்கமாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் படிப்பு ஏறவில்லை என்று சொன்னேன். ஏறவில்லைதான், அதுவும் பொய்யில்லை. அப்பா என்னை வக்கீலாகவோ எதுவாகவோ பார்க்க இருந்தவர், என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். இப்போது பக்கத்து ஊர் பேக்கரியில் விடியக் காலமை பாண் அடுக்குகிறேன். போதும். மாரீகேயின் கை உளைகிறது போல, இறக்கையை மற்றக் கைக்கு மாற்றுகிறாள், விமானம் லேசாக ஆடுகிறது, பின்னால் பூட்டின வாரில் கொளுக்கி ஒருக்கால் கிளிங் என்கிறது. ஒருவரும் இல்லை. அப்பாவின் தங்கச்சி பெயர் சுகிர்தா. எனக்கு மாமி முறை. பதினேழு வயதில் செத்த மாமி, படத்தில் இரட்டைப் பின்னலோடு நிற்கிற மாமி, வருகிற மார்கழியோடு நான் மாமியைவிட மூத்தவளாகிவிடுவேன், பிறகு எப்படிக் கூப்பிடுவது. மாமியைப்பற்றி அப்பா கதைக்கமாட்டார். அம்மாதான் சொன்னா, பாத்திரம் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல். குண்டு போடுகிற பொம்பர் வந்த நாள் இரண்டு பேரும் வாழைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தார்களாம். மாமிக்குப் பயமில்லையாம், பார்க்கவேண்டும் என்று தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தாவாம், அப்பா இடக்கையால் முதுகை அமத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். போட்டுவிட்டுப் போய்விட்டது. சத்தம் அடங்கிவிட்டது. "போயிட்டுது அண்ணா, கையை எடு, நோகுது" என்றாவாம். அப்பா கையை எடுத்தார். மாமி எழும்பி நின்று மேலே பார்த்தா. பின்னால் இன்னொன்று வந்தது. அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அப்பா அவவுக்கே சொன்னது ஒரு வசனம்தானாம், நான் கையை எடுத்திட்டன், என்று. வருடப் பிறப்பு இரவில் இந்த ஊரில் வாணம் விடுவார்கள், சின்ன வயதில் ஒவ்வொரு தரமும் அப்பா என்னைக் கம்பளத்தில் குப்புறக் கிடத்திப் பக்கத்தில் கிடந்து முதுகை அமத்துவார், எனக்கு மூச்சு முட்டும், ஜன்னலில் பச்சையும் சிவப்பும் போவது கண்ணுக்கு ஓரத்தில் தெரியும், "கையை எடுங்கோ அப்பா, நோகுது" என்று அழுவேன். எடுக்கமாட்டார். நான் அழ அழ இன்னும் அமத்துவார். அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது, நான் என்ன சொல்லி அழுதேன் என்று.

காலையில் அப்பா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், இண்டைக்குக் காத்து நல்லம், இண்டைக்குத் தனிய விடுவாங்கள் போல கிடக்கு. அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அப்ப பின்னால ஆர்?" "ஒருத்தருமில்லை." "ஒருத்தருமில்லாம என்னெண்டு?" "அதுதான் அப்பா தனிய எண்டுறது." கத்தி பலகையில் டொக் டொக். "இயந்திரமும் இல்லை, ஆளும் இல்லை" என்றார். "சத்தம் போட்டு வாறதெண்டாலும் ஓடலாம் பிள்ளை. இது வாறதே தெரியாது." எனக்குக் கோபம் வந்தது, எனக்கு எதற்குத்தான் கோபம் வராது, நான் சொன்னேன், "வந்து நிக்கச் சொல்லேல்லை. நிலவறைக்குள்ளயே இருங்கோ. நான் இறங்கேக்க ஒருக்கா வெளியில வந்து மேல பாருங்கோ. நான்தான் எண்டு பாத்திட்டுத் திரும்பப் போங்கோ. மேல போற எல்லாம் கொல்ல வாறேல்லை." கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கக்கூடாது. அப்பா கத்தியை வைத்துவிட்டு லீக்ஸை எல்லாம் கையால் கூட்டி ஒரு குவியலாக்கினார், குவித்ததைத் திரும்பப் பரப்பினார். "தொப்பி போட்டுக்கொண்டு போ, வெயில்" என்றார். அதுதான் பதில். வெள்ளைத் தொப்பி தலையில் இருக்கிறது. வீடு எனக்குப் பின்னால், திரும்பினாலும் வேலி மறைக்கும். பார்ப்பாரா. அதற்காகத்தான் நான் பழகினேன் என்று இப்போதுதான் தெரிகிறது, கண்ணாடிக்குள் அவிந்துகொண்டு, ஒரு கல்யாணத்துக்காகக் காத்துக்கொண்டு. அந்த மனிதன் ஒரு தரம் மேலே பார்க்கவேண்டும், பார்த்தபின் ஒன்றும் நடக்காமல் இருக்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு. நான் விழுந்துவிட்டால்? அவர் பார்க்கிறபோது விழுந்துவிட்டால்? பார்க்காமலே இருக்கட்டும். இல்லை, பார்க்கட்டும். பொம்பிளை கடைசிப் படியில் நின்று கை காட்டுகிறாள், உள்ளே போகிறாள். கதவு சாத்துகிறது. அம்மா தும்புத்தடியை விமானத்தில் சாத்திவைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நிற்கிறா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. ஹென்னிங் வாய்க்குள் பாணோடு ரேடியோவில் சொல்லுகிறான், "யட்டு, நான் இல்லாததால பாரம் குறைவு, நினைக்கிறதைவிடக் கெதியா ஏறும், பயப்படாதே. கம்பளி நூலைப் பார். சும்மா வந்து இறங்கு." கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கிறது, நேரே கிடந்தால் நேரே பறக்கிறேன், வளைந்தால் வழுக்குகிறேன். இப்போது காற்றில் துடிக்கிறது. மாரீகே இறக்கையை மட்டமாக்குகிறாள்.

கயிறு இறுகுது, என்று யாரோ சொல்லுகிறார்கள். இறுகிவிட்டது. புல் ஓடுகிறது. மாரீகே இரண்டு எட்டு ஓடினாள், பிறகு இல்லை. நிலம் விட்டதே தெரியவில்லை, முதுகு இருக்கையோடு ஒட்டிவிட்டது, முன்னால் வானம் மட்டும், வேறு ஒன்றுமில்லை, வெறும் நீலம், ஹென்னிங் சொன்னது சரி, பாரமே இல்லை, ஓடி ஏறுகிறது, பின்னால் யாரோ எழுந்து போனமாதிரி இலேசு. அறுந்தால் மூக்கை அமத்து, அறுந்தால் அமத்து, அறுந்தால். அறவில்லை. இழுவை குறைகிறது, மூக்கைத் தாழ்த்துகிறேன், கயிற்றைக் கழற்றுகிற மஞ்சள் பிடியை இழுக்கிறேன். டக். அந்தச் சத்தம். அப்பாவுக்குக் கேட்டிருக்கும், நிலவறைக்குள்ளும் கேட்கும், அவருக்குக் கேட்கும். பிறகு காற்று மட்டும். இது என்ன அமைதி. நான் ஏதாவது உணருவேன் என்று நினைத்தேன், ஆனால் மூக்குச் சொறியவேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்கம் மேடு, கல் ஒரு பல் மாதிரி. கீழே பெரிய விமானம், விளையாட்டுச் சாமான்போல, பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி, அம்மா. அதோ எங்கள் கூரை. திரும்பி, காற்று பின்னால் தள்ள, புல்வெளிக்குச் சமாந்தரமாக வருகிறேன், தோட்டம் தெரிகிறது, பூசணி, கொடியில் உடுப்பு, ஒருவரும் இல்லை. நிலவறைக் கதவு, அந்த மரக்கதவு, பறப்பு நாளில் எப்போதும் சாத்தியிருக்கிற கதவு, திறந்து கிடக்கிறது. திறந்து கிடந்தால் என்ன. வெங்காயம் எடுக்கப் போயிருப்பார். உயரத்தைப் பார். தேவாலயத்துக்கு மேலே ஒரு திருப்பம். வேகம் சரி. இன்னொரு திருப்பம். இப்போது நேரே, எங்கள் வீட்டுக்கு மேலால் வந்து இறங்கவேண்டும், காற்றுத் தடுப்பை இழுக்க விமானம் தாழ்கிறது, கூரை பெரிதாகிறது, ஓடு ஓடாகத் தெரிகிறது. நான் கீழே பார்க்கக்கூடாது. பார்த்தேன்.

கீரைப் பாத்திக்கும் லீக்ஸ் பாத்திக்கும் நடுவில் பண்ணை உடுப்போடு ஒரு ஆள் கிடக்கிறார். விழுந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நெஞ்சு வலி. நான்தான் காரணம். "கம்பளி, யட்டு, கம்பளியைப் பார்!" ரேடியோவில் ஹென்னிங் கத்துகிறான், நூல் ஒரு பக்கம் வளைந்துவிட்டது, கால், கால், காலை அமத்தினேன், நேராகியது. திரும்பப் பார்த்தேன். குப்புற இல்லை. அப்பா மல்லாந்து கிடக்கிறார். வழுக்கை தெரியவில்லை, முகம் தெரிகிறது, அப்பாவின் முகத்தை மேலே இருந்து யாரும் பார்த்ததில்லை, நான்தான் முதல் ஆள். நிற்க முடியவில்லை அவரால், சரி, படுத்துத்தான் இருக்கிறார், விமானம் வந்தால் அவருக்குப் படுக்கத்தான் வரும். ஆனால் திரும்பிப் படுத்திருக்கிறார். வலக்கையை நெற்றிக்கு மேலே வெயிலுக்கு மறைத்துக்கொண்டு, என்னைத்தான், நேரே என்னைத்தான். கை காட்டவேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். என் இரண்டு கையும் தடியிலும் தடுப்பிலும், எடுக்க முடியாது. எடுத்தால் விழுவேன். அப்போதுதான் மற்றக் கையைக் கண்டேன். இடக்கை. உடம்புக்குப் பக்கத்தில் விரித்துக் கீரைக்கு மேலே வைத்திருந்தார். அங்கே ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத அந்த இடத்தைத் தோள்மூட்டு எழும்பித் தெரிகிற அளவுக்கு அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலி போனது. புல் வந்தது.

சில்லு தட்டியது, துள்ளியது, உருண்டது, நின்றது. ஒரு இறக்கை மெல்லச் சரிந்து புல்லில் படுத்தது. அமைதி. தூரத்தில் விமானக் கதவைத் திறக்கிறார்கள், இரண்டு கையெழுத்தோடு கல்யாணம் முடிந்துவிட்டது, சனம் கத்துகிறது, வெள்ளையாக அரிசி பறக்கிறது. ஹென்னிங் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓடிவருகிறான், பின்னால் மாரீகே, அவளுக்குப் பின்னால் ஃபிராவ் க்ரூகர் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு முட்செடி வாளியோடு. "இறங்காதே யட்டு, அப்படியே இரு, உடனே அடுத்தது, கை பழகியிருக்கேக்கயே போகவேணும்!" மூடியைத் தள்ளினேன், காற்று வந்தது, நான் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கொளுக்கி கழலவில்லை, வியர்வை கண்ணுக்குள் போகிறது. "என்ன, ஏன் அழுகிறாய், நல்லாத்தானே இறக்கினாய்" என்கிறான். நான் அழவில்லை, எனக்கு அவசரம், ஒருவருக்கும் விளங்குகிறதில்லை. ஃபிராவ் க்ரூகர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரே அழுத்தில் கொளுக்கியைக் கழற்றிவிட்டா, என் முகத்தைப் பார்த்தா, பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தா. "அங்கேயா" என்றா. நான் வேலிப் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டேன். சப்பாத்துக்குள் புல், தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் இன்னும் அப்படியேதான் கிடப்பார், எனக்குத் தெரியும், யாராவது போய்ச் சொல்லும்வரை எழும்பமாட்டார். பின்னால் வேறொன்றும் வரவில்லை அப்பா. இறங்கியாச்சு. கையை எடுங்கோ.